ஒரு வாக்கியமும் ஐம்பத்திரண்டு ஆண்டுகளும்

1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையின் பொதுப் பேரவை கூடியது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1968இல், இரண்டு திருச்சபைகள் இணைந்து உருவான சபை அது. சமூக வாழ்வு குறித்த தன் நெறிகளை அப்போதுதான் எழுத்தில் வகுத்துக்கொண்டிருந்தது. தன்பாலீர்ப்பாளர்களும் புனிதமான மதிப்புடைய மனிதர்களே, திருச்சபையின் பராமரிப்பு அவர்களுக்கும் உரியது, அவர்களுடைய உரிமைகள் காக்கப்பட வேண்டும் என்ற பொருளில் வரைவில் ஒரு பத்தி இருந்தது. விவாதத்தின்போது ஒரு பிரதிநிதி எழுந்து திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். தன்பாலுறவைத் திருச்சபை ஏற்பதில்லை, அது கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்பது அதன் சாரம். பேரவை அதை ஏற்றது.

பத்தியின் தொடக்கத்தில் மதிப்பு, முடிவில் மறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறைக்கும் மேலான விசுவாசிகள் வாழ்ந்து தீர்க்க வேண்டியிருந்தது. அந்த வாக்கியம் நீக்கப்பட்ட நாள் 2024 மே 2. இடையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள்.

இந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகளை விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் நடந்த போராகச் சொல்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் வேதத்தைப் பற்றிக்கொண்டவர்கள், மறுபக்கம் உலகத்தோடு ஒத்துப்போனவர்கள் என்பது அவர்கள் கணக்கு. வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கணக்கு பிழை. சபையைக் கேள்வி கேட்டவர்களில் மிகப் பலர் வேதத்தை மூடிவிட்டுக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்ததால்தான் கேட்டார்கள்.

வாக்கியம் சட்டமானது

1972இல் அது ஒரு கருத்து மட்டுமே. அடுத்த ஆண்டே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மருத்துவம் ஒரு கதவைத் திறந்த காலத்தில் திருச்சபை ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகளை மூடியது. தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லி அதன்படி வாழ்கிறவர்கள் போதகராக முடியாது என 1984இல் விதி செய்தது. ஒருபாலினத்தார் இணையும் சடங்குகளைச் சபையின் ஆலயங்களில் நடத்தக்கூடாது, சபையின் போதகர்களும் நடத்தக்கூடாது என 1996இல் சேர்த்தது. கருத்து விதியாயிற்று, விதி வழக்காயிற்று.

நெப்ராஸ்காவில் ஜிம்மி கிரீச் என்ற போதகர் ஒருபாலின இணையர் ஒருவருக்கு ஆசி வழங்கியதற்காக 1998இல் திருச்சபை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார். மீண்டும் அதே போன்ற செயலைச் செய்ததற்காக 1999 நவம்பரில் விசாரிக்கப்பட்டு ஊழிய உரிமையை இழந்தார். பிலடெல்பியாவில் பெத் ஸ்ட்ரவுட் என்ற பெண் போதகர் 2003இல் பிரசங்க மேடையில் நின்று, தான் ஒரு பெண்ணோடு வாழ்வதைத் தன் சபைக்குச் சொன்னார். சபையார் அவரைக் கைவிடவில்லை. ஆனால் 2004 டிசம்பரில் திருச்சபை அவருடைய ஊழியத்தைப் பறித்தது.

பென்சில்வேனியாவின் பிராங்க் ஷேஃபர் வழக்கு ஒரு தகப்பனின் வழக்கு. அவருடைய மகன் 2007இல் மாசசூசெட்ஸில் இன்னொரு ஆணை மணந்தபோது, திருமணத்தை நடத்திவைக்கும்படி அப்பாவிடம் கேட்டார். அப்பா மறுக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து வழக்கு வந்தது. இனி விதிகளை முழுமையாகக் கைக்கொள்வதாக உறுதி தர முடியாது என்று அவர் சொன்னதால் 2013 டிசம்பரில் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீட்டில் 2014இல் அது திரும்பக் கிடைத்தது. சபையின் ஒழுங்குநூலைக் காப்பதா, பெற்ற பிள்ளையின் கையைப் பிடிப்பதா என்ற கேள்வியை ஒரு திருச்சபை தன் போதகன்முன் வைத்தது என்பது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

வேதத்தில் இருப்பது என்ன

மறுப்பவர்கள் காட்டும் இடங்கள் சில. ஆதியாகமம் 19இல் சோதோம் கதை, லேவியராகமத்தில் 18, 20 அதிகாரங்களின் விலக்கு, ரோமர் முதல் அதிகாரம், 1 கொரிந்தியர் 6:9, 1 தீமோத்தேயு 1:10. அறுபத்தாறு புத்தகங்களில் முக்கியமானவை இவ்வளவுதான். எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் ஒரு போதனையைத் தள்ளிவிட முடியாது. இந்த இடங்களில் ஒன்றுகூட ஒருபாலுறவை நல்லதாகப் பேசவில்லை என்பதும் உண்மை. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் அந்த இடங்கள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது வேறு கேள்வி. சோதோமில் நடக்கவிருந்தது வந்த விருந்தினர்மீது ஊரே சேர்ந்து செய்ய முயன்ற வன்கொடுமை. சோதோமின் அக்கிரமத்தைப் பிற்காலத்தில் பட்டியலிடும் எசேக்கியேல் 16:49, பெருமையையும் உணவுச் செழிப்பையும் ஏழைக்குக் கை கொடாமையையும் சொல்கிறது. கொரிந்தியருக்கு எழுதும் பவுல் இரண்டு கிரேக்கச் சொற்களைப் பயன்படுத்துகிறார். 'மலக்கோய்' என்றால் மென்மையானவர்கள். 'அர்செனகொய்த்தாய்' என்பதில் ஆண் என்ற சொல்லும் படுக்கை என்ற சொல்லும் சேர்ந்திருக்கின்றன. பவுலுக்கு முந்தைய எழுத்துகளில் இந்தச் சொல் கிடைக்கவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து பவுல் இதை அமைத்திருப்பார் என்கிறது ஒரு தரப்பு. அடிமைகளையும் சிறுவர்களையும் விலைக்கு வாங்கிப் பயன்படுத்திய அக்கால வழக்கத்தைக் குறித்தது என்கிறது இன்னொரு தரப்பு.

மொழிபெயர்ப்புகளும் இந்தத் தடுமாற்றத்தைக் காட்டுகின்றன. இரண்டாம் சொல்லை லுத்தர் சிறுவரைக் கெடுப்போர் என்ற பொருளில் ஜெர்மனில் தந்தார். 1946இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்திய பதிப்பு இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி 'ஹோமோசெக்ஷுவல்ஸ்' என்று போட்டது. ஆங்கில வேதாகமத்தில் அந்தச் சொல் இடம்பிடித்தது அப்போதுதான். அந்தச் சொல்லே 1869இல்தான் ஜெர்மன் மொழியில் முதலில் அச்சேறியது. 1971இல் அதே பதிப்பு தன் சொல்லை மாற்றிக்கொண்டது.

நம் தமிழ் வேதாகமத்தையும் எடுத்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவாகி, இன்றும் சீர்திருத்தச் சபை வீடுகளில் தினமும் வாசிக்கப்படும் பதிப்பில் அந்த முதல் சொல்லுக்கு 'சுயபுணர்ச்சிக்காரர்' என்றிருக்கிறது. இரண்டாவதுக்கு 'ஆண்புணர்ச்சிக்காரர்'. ஒரே கிரேக்கச் சொல் ஒரு மொழியில் மென்மையானவன், இன்னொன்றில் தன்பாலீர்ப்பாளன், தமிழில் தன்னோடு தானே புணர்கிறவன். நித்திய ஜீவனுக்கும் அழிவுக்கும் நடுவே கோடு கிழிப்பதாகச் சொல்லப்படும் ஒரு சொல்லின் பொருள் இவ்வளவு அசைகிறது என்றால், அதை வைத்து ஒருவனை வெளியே தள்ளுமுன் சபை நின்று யோசிக்க வேண்டாமா?

இருபத்தெட்டு ஆண்டு இடைவெளி

இந்த விவாதத்தில் ரிச்சர்ட் ஹேஸ் என்பவருக்குத் தனி இடம் உண்டு. ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையில் அபிஷேகம் பெற்ற ஊழியர். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக இறையியல் பள்ளியில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்து, 2010 முதல் 2015 வரை அதன் தலைவராகவும் பணியாற்றியவர். புதிய ஏற்பாட்டின் அறநெறி பற்றி 1996இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் இறையியல் கல்லூரிகளில் பாடநூலானது. அதில் தன்பாலீர்ப்பு பற்றி ஓர் அதிகாரம் இருந்தது. எய்ட்ஸ் நோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த தன் நெடுநாள் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்லி அவர் அதைத் தொடங்கினார். அந்த நண்பரும் விசுவாசி. வேதம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று கடைசிவரை போராடியவர்.

ஹேஸின் முடிவு மறுப்பாகவே இருந்தது. வேதத்தின் சாட்சி ஒரே திசையில் இருக்கிறது, ஆணும் பெண்ணுமாகப் படைத்த கதையே திருமணத்துக்கு அடிப்படை, தன்பாலீர்ப்புள்ள விசுவாசிக்குச் சபையில் இடம் உண்டு, ஆனால் அவர் துறவு காக்க வேண்டும் என்றார். எழுத்தில் வெறுப்பு இல்லை. அதனாலேயே அது மற்ற எல்லாக் கண்டனங்களையும்விட வலுவான ஆயுதமானது. மென்மையாக மறுக்க விரும்பிய போதகர்கள் பலருக்கு அந்த அதிகாரமே கையில் கிடைத்தது.

2024 செப்டம்பரில் ஹேஸ் இன்னொரு நூலை வெளியிட்டார். பழைய ஏற்பாட்டு அறிஞரான மகன் கிறிஸ்டோபர் ஹேஸோடு சேர்ந்து எழுதியது. கடவுளின் இரக்கம் விரிந்துகொண்டே போகிறது என்பது அதன் மையம். தன் பழைய அதிகாரம் மற்றவர்களுக்கு உண்டாக்கிய காயத்துக்காக வருந்துவதாக அதில் வெளிப்படையாகச் சொன்னார். தன்பாலீர்ப்புள்ளவர்களைச் சபை, திருமணம் உட்பட, முழுமையாக ஏற்க வேண்டும் என்று எழுதினார். 2025 ஜனவரி 3 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். தன் வாழ்நாள் புகழுக்குக் காரணமான நூலின் ஒரு பகுதியை, சாகும் தறுவாயில் ஓர் அறிஞர் தானே திருத்திக்கொள்வது எளிதில் நடப்பதல்ல.

தந்தையும் மகனும் பழைய ஆறேழு வசனங்களை மறுபடி அலசவில்லை. வேதம் முழுவதிலும் கடவுள் தம் மக்களின் எல்லையை எப்படி விரித்தார் என்று பார்த்தார்கள். விதையடிக்கப்பட்டவன் கர்த்தரின் சபையில் சேரக்கூடாது என்கிறது உபாகமம் 23. அந்த அண்ணகர்களுக்கு ஆலயத்தில் நிலையான பெயர் உண்டு என்கிறது ஏசாயா 56. அப்போஸ்தலர் நடபடிகள் 10இல் பேதுரு, யூதச் சட்டப்படி தீட்டான கொர்நேலியுவின் வீட்டுக்குள் போகிறார். பரிசுத்த ஆவி அந்த வீட்டார்மீது இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறார். அதன் பிறகுதான் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் சங்கம் கூடுகிறது, தீர்க்கதரிசிகளின் எழுத்து புது வெளிச்சத்தில் வாசிக்கப்படுகிறது. முதலில் மனிதரில் கடவுளின் கிரியை, பிறகு அதைக் கொண்டு வேதத்தின் மறுவாசிப்பு. புறஜாதியாரான நாம் கிறிஸ்தவர்களாக இருப்பதே இந்த வரிசையால்தான். தமிழ்க் கிறிஸ்தவன் ஒவ்வொருவனும் அந்த எருசலேம் முடிவின் பிள்ளை.

மறுப்புக்கு மறுப்பு

ஹேஸின் புதிய நூலைக் கடுமையாக விமர்சித்தவர்கள் இரண்டு குறைகளைச் சொன்னார்கள். நேரடியாகப் பேசும் வசனங்களை அது தாண்டிப் போய்விட்டது என்பது ஒன்று. இது நியாயமான குறைதான். ஒரு காலத்தில் அந்த வசனங்களை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர், மனம் மாறியபின் அவற்றோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. புறஜாதியாரை ஏற்ற அதே எருசலேம் சங்கம் வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொன்னது, ஆகவே எல்லை விரிந்தபோதும் பாலியல் ஒழுக்கம் மாறவில்லை என்கிறார்கள். ஆனால் சங்கம் அதே மூச்சில் இரத்தத்துக்கும் நெருக்குண்டு செத்ததற்கும் விலகச் சொன்னது. ஆட்டு இரத்தப் பொரியல் இன்று நம் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் சமைக்கப்படுகிறது. அதற்காக யாரையும் திருவிருந்திலிருந்து விலக்குவதில்லை. அந்தப் பட்டியலில் எது காலத்துக்குரியது, எது என்றைக்குமானது என்று சபை பகுத்துத்தான் வாழ்ந்து வந்திருக்கிறது. அப்படிப் பகுப்பது பாவம் என்றால் எல்லாச் சபைகளும் பாவம் செய்தவை.

மெதடிஸ்தர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்க மெதடிஸ்த சபை 1844இல் பிளந்தது அடிமைகளை வைத்திருந்த ஒரு பேராயர் காரணமாக. அடிமைமுறையை ஆதரித்தவர்கள் வேதத்தை மறுத்தவர்கள் அல்லர். வசனம் காட்டியே வாதாடினார்கள், வசனங்களும் இருந்தன. 1939இல் சபைகள் மறுபடி சேர்ந்தபோதுகூடக் கறுப்பின மெதடிஸ்தர்களைத் தனி நிர்வாகப் பிரிவில் ஒதுக்கி வைத்தார்கள். 1968இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. வசனம் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு விலக்கு நியாயமாகிவிடாது என்பதை அந்தத் திருச்சபை தன் சொந்த வரலாற்றில் பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தது.

இரண்டு வாக்கெடுப்புகள்

2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் நகரில் சிறப்புப் பேரவை கூடியது. தடைகளை இறுக்கும் திட்டம் 438க்கு 384 என்ற வாக்குகளில் வென்றது. மனச்சாட்சியின் காரணமாகப் பிரிய விரும்பும் சபைகள் சொத்தோடு வெளியேறவும் வழி தரப்பட்டது. வெற்றி பெற்ற தரப்பிலிருந்தே பெரும்பாலானோர் வெளியேறினார்கள் என்பது வியப்பானது. எழுதப்பட்ட விதியைப் பல பகுதிகள் இனி நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அவர்கள் கண்டுகொண்டதே காரணம். 2023 முடிவுக்குள் 7,600க்கும் மேற்பட்ட சபைகள், அதாவது அமெரிக்கச் சபைகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு, பிரிந்து போயின. 2022 மே 1 அன்று உலக மெதடிஸ்த திருச்சபை என்ற புதிய அமைப்பும் தொடங்கியது.

2024இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் பேரவை கூடியபோது அவையின் முகமே மாறியிருந்தது. போதகராவதற்கான தடை 692க்கு 51 என்ற வாக்குகளில், விவாதமே இல்லாமல், மே 1 அன்று நீங்கியது. மறுநாள் 523க்கு 161 என்ற வாக்குகளில் 1972இன் வாக்கியம் போயிற்று. அந்த மாத இறுதியிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட ஐவரி கோஸ்ட் சபை பிரிந்து செல்ல முடிவெடுத்தது. ஆப்பிரிக்க விசுவாசிகளின் எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. வெள்ளை மிஷனரிகள் கொண்டுவந்த போதனையை உயிராய்ப் பற்றிக்கொண்டவர்களிடம், அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து வேறு சொல்வதாக அவர்களுக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. பொறுமையோடு பேசவேண்டிய பேச்சு அது, இன்னும் முடியவில்லை.

சந்தேகத்தின் இடம்

பேரவைகளும் வாக்குகளும் ஒருபுறம் இருக்கட்டும். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தன்னைப் படைத்தவரே தன்னை வெறுக்கிறாரா என்று யாரிடமும் கேட்க முடியாமல் கேட்டுக்கொள்ளும் ஓர் இளைஞனுக்கு முன் சில வழிகளே வைக்கப்பட்டன. முதலாவது, மாறிவிடு என்பது. அதற்காக 1976இல் எக்சோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஈர்ப்பை மாற்ற முடியும் என்று அது நம்பியது. 2013இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார், அமைப்பும் கலைக்கப்பட்டது. தாங்கள் சந்தித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அவரே அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டாவது வழி துறவு. வெஸ்லி ஹில் போன்ற அறிஞர்கள் அதைத் தாங்களே தேர்ந்து, 2010 முதல் அதன் தனிமையையும் கிருபையையும் உண்மையாக எழுதி வருகிறார்கள். தானாக ஏற்கும் துறவுக்குத் தலைவணங்கலாம். ஒருவன் தோள்மீது பிறர் ஏற்றிவைக்கும் துறவு வேறு. மூன்றாவது வழி சபையை விட்டுப் போவது. பலர் போனார்கள், சிலர் கடவுளையும் சேர்த்தே விட்டுப் போனார்கள்.

நான்காவது வழி ஒன்று உண்டு. கேள்வியோடு சபைக்குள்ளேயே இருப்பது. நம் மண்ணின் மரபு பரங்கிமலையோடு சேர்த்துச் சொல்லும் தோமாவின் வழி அது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்று மற்றவர்கள் சொன்னபோது தோமா நம்பவில்லை. யோவான் 20ஐக் கவனித்து வாசித்தால் ஒன்று தெரியும். எட்டு நாட்கள் கழித்து இயேசு மறுபடி வந்தபோது தோமா அதே வீட்டில், அவர்களோடேயே இருந்தார். நம்பிய பத்துப் பேரும் நம்பாத ஒருவரை அந்த எட்டு நாளும் வெளியே தள்ளவில்லை. தள்ளியிருந்தால் அவர் கண்டிருக்க முடியாது.

நம் பக்கம்

நம் நாட்டில் ஒருபாலுறவைக் குற்றமாக்கியது 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. வயதுவந்தோர் மனமொத்து வாழும் உறவை அதிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6 அன்று. அந்த வழக்கில் குற்றமாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி.

2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பெற்றோர் பிரிக்கப் பார்த்த இரு பெண்களின் வழக்கு. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பெழுதும் முன், இந்தப் பொருளில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதை ஒப்புக்கொண்டார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பிறகே எழுதினார். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யவும் உத்தரவிட்டார். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் கையில் இருந்தும் முதலில் மாணவனாக உட்கார்ந்த அந்தப் பணிவை, தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று போதித்தவரின் சபைகள் இன்னும் கற்கவில்லை.

நம் ஆயர்களிடமும் சபை மூப்பர்களிடமும் கேட்பது பெரிதல்ல. நாளைக்கே கொள்கையை மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தன்னைப் பற்றிச் சொன்னால் அன்று வசனத்தை எடுக்காதீர்கள். மருத்துவரிடமோ பேயோட்டுகிறவரிடமோ அனுப்பாதீர்கள். பெற்றோரிடம் போய்ச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். ஹேஸ் தன் எழுத்தைத் திருத்த இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின, அவருடைய திருச்சபைக்கு ஐம்பத்திரண்டு. பெத் ஸ்ட்ரவுட்டுக்கு ஊழியம் திரும்பக் கிடைத்தது 2024 மே மாதத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. காத்திருக்க அவருக்குத் தெம்பு இருந்தது. உங்கள் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அவ்வளவு காலம் இல்லை.